காலர் மட்டும் தைக்கிறேன்

கேள்வி: பனியன் கம்பெனியில் பதினோரு வருஷமாகக் காலர் மட்டும்தான் தைக்கிறேன். முழுச் சட்டை ஒன்றுகூடத் தைத்ததில்லை. 'அந்நியமாதல்' என்று மார்க்ஸ் சொன்னது இதைத்தானா, ஐயா?
– வாசகி, திருப்பூர்

பதில்: இதையும்தான் அம்மா. 1844-ல் பாரிஸில் இருந்தபோது எழுதி வைத்தார். அவர் இறந்து வெகுகாலம் கழித்து, 1932-ல்தான் அது முழுமையாக அச்சேறியது. செய்த பொருள், செய்யும் வேலை, மனித இயல்பு, சக மனிதர் என்று நான்கிலிருந்தும் தொழிலாளி விலகிப்போகிறார் என்றார். எனக்கு உறைத்தது இரண்டாவது. இளவயதில் அச்சகத்தில் பிழை திருத்தினேன். நாவலில் நடு ஃபாரங்கள், அதாவது நடுப் பக்கங்களின் கட்டுகள் மட்டும் என் மேசைக்கு வரும். கதாநாயகி பிழைத்தாளா என்று கடைசிவரை தெரியாது! கூலி என்னவோ சனிக்கிழமை தவறாமல் வந்துவிடும்.

இந்தச் சிந்தனைக்குக் கோயில் வாசனை உண்டு. மனிதன் தன் நல்ல குணங்களையெல்லாம் கடவுள்மேல் ஏற்றிவிட்டுத் தான் ஏழையாகிறான் என்று 1841-ல் எழுதினார் ஜெர்மன் தத்துவவாதி ஃபாயர்பாக். அதே கணக்கைத் தொழிற்சாலையில் போட்டுப் பார்த்தார் மார்க்ஸ். பின்னால் வந்த இறையியலாளர் பால் டில்லிக், 'அந்நியமாதல்' என்ற சொல்லை மறுபடி தேவாலயத்துக்கே கொண்டுபோனார்: பாவம் என்பதே கடவுளிடமிருந்தும் தன்னிடமிருந்தும் பிறரிடமிருந்தும் விலகி நிற்பதுதான் என்றார். ஆழமான பேச்சுதான். ஆனால் உருப்படிக்கு இவ்வளவு கூலி என்கிற பீஸ் ரேட்டைப் பற்றி யோசிக்க எனக்கு மார்க்ஸே உதவுகிறார்.

அது போகட்டும், அடுத்த மெஷினில் சட்டைக் கை தைப்பவரோடு பேச உங்களுக்கு நேரம் கிடைக்கிறதா? நான்காவது விலகல் அங்கேதான் இருக்கிறது. எழுதுங்கள்.