புதிய ஏரியில் கெண்டைக்கு எந்த இரை? முதலில் ஏரியைப் பாருங்கள்

இதுவரை தூண்டில் போடாத ஓர் ஏரிக்குக் கெண்டை பிடிக்கப் போகிறீர்கள். பையில் நாலைந்து வகை இரை இருக்கிறது, அதில் எதை நம்பிப் போவது என்பது உங்கள் கேள்வி.

எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் எடுத்துப் போங்கள். எது என்ற முடிவைக் கரைக்குப் போன பிறகு எடுங்கள். முதல் நாள் தூண்டில் கையில் இருக்கட்டும், முள் மட்டும் வேண்டாம். தூண்டில் நரம்பின் நுனியில் ஓர் ஈயக்குண்டு போதும். முள் கட்டியிருந்தால் மனம் ஒரே இடத்தில் உட்கார்ந்துவிடும். முள் இல்லாதவன்தான் ஏரியை முழுக்கச் சுற்றி வருவான்.

கிளம்புவதற்கு முன்பே அந்த ஏரியில் இருப்பது எந்தக் கெண்டை என்று விசாரித்துவிடுங்கள். வெள்ளிக்கெண்டை தண்ணீரில் மிதக்கும் நுண்பாசியை வடிகட்டித் தின்பது. அடியில் கிடக்கும் உருண்டையை அது பொருட்படுத்தாது. புல்கெண்டையின் முக்கிய உணவு நீர்த்தாவரம். நான் இங்கே சொல்வதெல்லாம் சேற்றைக் கிளறி மேயும் சாதாக் கெண்டைக்குத்தான். அந்த ஏரியின் விதிகளையும் கேட்டுக்கொள்ளுங்கள். சில இடங்களில் குறிப்பிட்ட கொட்டை வகைகளுக்குத் தடை இருக்கும், சில இடங்களில் பின்னிய நரம்புக்குத் தடை இருக்கும்.

விடியும்போதே கரையில் இருங்கள். நடையில் கவனம் தேவை. கெண்டைக்குக் காற்றுப்பையையும் உட்காதையும் இணைக்கும் சிற்றெலும்புகள் உண்டு. அதனால் அதன் கேட்கும் திறன் பல மீன்களைவிடக் கூர்மையானது. கெட்டிக் கரையில் நீங்கள் காலைத் தொம்மென்று வைத்தால், ஓரத்தில் மேய்ந்துகொண்டிருந்த மீன் நீங்கள் எட்டிப் பார்ப்பதற்குள் போயிருக்கும். நிழல் தண்ணீரில் விழாதபடி நில்லுங்கள். நீர்ப்பரப்பின் கூசலை வெட்டும் போலராய்டு கண்ணாடி ஒன்று அவசியம் வேண்டும். என்னைக் கேட்டால், புதிய ஏரிக்கு வாங்க வேண்டிய முதல் கருவி அதுதான்.

மீன் துள்ளினால் யாருக்கும் தெரியும். அதைவிட மெல்லிய அடையாளங்கள்தான் அதிகப் பயன் தருபவை: காற்றே இல்லாதபோது ஆடும் ஒரே ஒரு நாணல் தண்டு, தெளிந்த நீரில் திடீரென்று எழும் கலங்கல், வரிசையாக வரும் சிறு குமிழிகள். குமிழியில் மட்டும் ஏமாந்துவிடக் கூடாது. அழுகும் சேற்றிலிருந்து வாயு தானாகவும் கிளம்பும். அது ஒரே இடத்திலிருந்து விட்டுவிட்டு வரும். மேயும் கெண்டையின் குமிழி நகரும்; கொத்தாக எழுந்து, சிறிது தள்ளி மறுபடி எழும். கால் மணி நேரம் பார்த்தாலே எது எது என்று கண்ணுக்குப் பழகிவிடும்.

பாசியும் செடியும் அடர்ந்த ஏரியில் இரவெல்லாம் அவையும் பிராணவாயுவை இழுத்துக்கொள்வதால், விடியற்காலையில்தான் தண்ணீரில் அது மிகக் குறைவாக இருக்கும். வெயில் காலத்தில் அந்த நேரத்து மீன்கள் ஓடை வந்து சேரும் வாயிலோ, காற்று அலையடிக்கும் பக்கமோ ஒதுங்கியிருக்கலாம். காலையில் கண்ட இடத்தை மதியம் மறுபடி பார்க்க வேண்டியது அதனால்தான். ஒரு நாளில் ஏரியை இரண்டு முறையாவது சுற்றுங்கள்.

காற்றைப் பற்றி நிறையச் சொல்வார்கள். எனக்குப் பயன்படுவது இவ்வளவுதான். வெதுவெதுப்பான காற்று ஓரிரு நாள் ஒரே திசையில் வீசினால், மேல்மட்டத்தின் இளஞ்சூட்டு நீரையும் அதில் மிதக்கும் இரையையும் எதிர்க்கரைக்குத் தள்ளும். மீனும் அங்கே போகும். குளிர்ந்த காற்றாக இருந்தால் காற்று மறைவான பக்கம்தான் மேல். கடுங்குளிரில், தண்ணீர் 4 டிகிரி செல்சியஸில்தான் மிக அடர்த்தியாக இருக்கும் என்பதை நினைவில் வையுங்கள். அந்த நீர் ஆழத்தில் தங்கும். அதைவிடக் குளிர்ந்த நீர் மேலே வந்துவிடும்.

இனி அடித்தரை. இரையைத் தீர்மானிப்பது பெரும்பாலும் இதுதான், அதனால் அவசரப்படாதீர்கள். நீட்சி இல்லாத பின்னிய நரம்பில் ஈயத்தைக் கட்டி எறியுங்கள். அது இறங்கும்போது நரம்பை விறைப்பாகப் பிடித்திருங்கள். கெட்டித் தரையில் ஈயம் பட்டால் தூண்டில் கம்பு வழியாக 'டக்' என்று கைக்கு வரும். சேறாக இருந்தால் அடியைத் தொட்டதே தெரியாது. பிறகு கம்பைப் பக்கவாட்டில் நகர்த்தி ஈயத்தை மெதுவாக இழுங்கள். கூழாங்கல் தரையில் படபடவென்று தட்டும். களிமண்ணில் வழுக்கிக்கொண்டு வரும், இடையிடையே ஒட்டிப் பிடிக்கும். சேற்றில் சீரான கனத்தோடு வரும். செடியில் மாட்டினால் இறுகி, இழுக்க இழுக்க வளைந்து, சட்டென்று விடுபடும். ஆழம் பார்க்க வேண்டுமானால் ஈயத்துக்கு மேலே ஓடும் தக்கை ஒன்றைச் சேருங்கள். தக்கை ஈயத்தை ஒட்டும்வரை சுற்றிவிட்டு, நரம்பை ஒவ்வொரு அடியாக விட்டு எண்ணுங்கள். தக்கை மேலே தலைகாட்டும்போது எத்தனை அடியோ அதுதான் ஆழம்.

ஈயத்தைக் கரைக்கு எடுத்ததும் தூக்கி வைத்துவிடாமல் அதைப் பாருங்கள், மோந்து பாருங்கள். அந்தக் காலத்து மாலுமிகள் ஆழம் பார்க்கும் ஈயத்தின் குழிவான அடியில் விலங்குக் கொழுப்பைத் தடவி இறக்கி, அதில் ஒட்டி வந்த மணலையும் சிப்பியையும் வைத்துக் கடலடியை அறிந்தார்கள். உங்கள் ஈயத்திலும் கொஞ்சம் மெழுகு தடவிப் பாருங்கள். ஒட்டி வருவது கரிய சேறாக இருந்து அழுகிய முட்டை நாற்றமடித்தால், அங்கே பிராணவாயு இல்லை, ஹைட்ரஜன் சல்பைடு தேங்கியிருக்கிறது; கெண்டை அங்கே அதிகம் மேயாது. நாற்றமில்லாத சேறாக இருந்து அதில் சிவப்பாக நெளியும் சிறு புழுக்கள் வந்தால் சந்தோஷப்படுங்கள். கொசு மாதிரி இருந்தும் கடிக்காத ஒரு பூச்சியின் இளம்புழு அது. கெண்டைக்கு அதுதான் அன்றாட உணவு. செடிகளுக்கு நடுவே கையகலத்துக்குத் தேய்ந்து கிடக்கும் கெட்டித் தரை கிடைத்தால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள். மேய்ந்து மேய்ந்து மீன் சுத்தமாக்கிய இடமாக அது இருக்கலாம்.

இப்போது பையைத் திறக்கலாம்.

கெண்டைக்கு இரைப்பை கிடையாது. தொண்டைக்குள் இருக்கும் பற்களால் நத்தை ஓட்டையே நொறுக்கி நேராகக் குடலுக்கு அனுப்பும். அதனால் மொத்தமாகத் தின்று நிறுத்துவதைவிட, நேரம் முழுக்கச் சிறிது சிறிதாக மேயும் வழக்கம் அதற்கு. எதையும் முதலில் உறிஞ்சும், வாயில் சோதிக்கும், வேண்டாததைத் துப்பும். உதட்டிலும் நான்கு மீசைகளிலும் சுவை உணரும் அரும்புகள் நிறைந்திருக்கின்றன. நீரில் கரைந்து பரவும் சுவைதான் அதை இழுக்கிறது, குறிப்பாக அமினோ அமிலங்கள். உங்கள் இரை எவ்வளவு கமகமவென்று உங்களுக்கு மணக்கிறது என்பது இரண்டாம் பட்சம். அதிலிருந்து தண்ணீரில் என்ன கசிகிறது என்பதைக் கவனியுங்கள்.

ஆழமான மெல்லிய சேற்றில் கனமான உருண்டையைப் போட்டால் ஈயத்தோடு அது அமிழ்ந்துபோகும், சேற்றின் வாடையையும் ஏற்றிக்கொள்ளும். அங்கே மெதுவாக இறங்கி மேலாக அமரும் இரை வேண்டும்: பாதி மிதக்கும் பாய்லி (மாவும் முட்டையும் பிசைந்து வேகவைத்த இரை உருண்டை), ரொட்டித் தோல், தக்கைத் துண்டு சொருகிய மக்காச்சோளம். 1952 செப்டம்பரில் ரிச்சர்ட் வாக்கர் என்ற தூண்டில்காரர் இங்கிலாந்தின் ரெட்மயர் குளத்தில் 44 பவுண்டு, அதாவது ஏறக்குறைய 20 கிலோ கெண்டையைப் பிடித்து அந்நாட்டுச் சாதனை படைத்தபோது முள்ளில் இருந்தது பிசைந்த ரொட்டியும் ரொட்டித் தோலும் சேர்ந்த எளிய இரைதான். தோல் மேலே தூக்க, மாவு கீழே இழுக்க, அடியில் மெத்தென்று அமரும் சமநிலை அது. இரையின் சரக்கைவிட, அது அடியில் எப்படி உட்கார்கிறது என்பதில் அவர் எடுத்த அக்கறையைத்தான் நான் மதிக்கிறேன். கெட்டியான கூழாங்கல் தரை கிடைத்தால் இந்தப் பாடு எதுவும் வேண்டாம்; சாதாரண அடியிரையே போதும்.

அடுத்தது நீரின் வெப்பம். ஒரு வெப்பமானி எடுத்துப் போங்கள், காற்றின் சூட்டை வைத்து ஊகிக்காதீர்கள். 15 முதல் 25 டிகிரி வரை கெண்டை நன்றாக மேயும். 10 டிகிரிக்குக் கீழே போனால் அதன் உடல் இயக்கமே மந்தமாகிவிடும். சூடான நீரில் மீன்தூள் கலந்த பாய்லியும் எண்ணெய்ச் சத்துள்ள பெல்லெட் என்னும் மீன்தீவனக் குருணையும் வேலை செய்யும். குளிர்ந்த நீரில் எண்ணெய் சரியாகப் பரவாது, மீனுக்குச் செரிப்பதும் சிரமம். அப்போது ஸ்வீட் கார்ன், ரொட்டி, மண்புழு, ஈப்புழு என்று இலேசானதற்கு மாறுங்கள். அளவையும் ஒரு சின்னக் கைப்பிடிக்கு இறக்குங்கள்.

மூன்றாவதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்: அந்த ஏரியில் வேறு யார் சாப்பிட வருகிறார்கள்? கரையோரம் ஒரு கைப்பிடி சோளத்தைத் தூவிவிட்டு அசையாமல் உட்கார்ந்து பாருங்கள். ஒரு நிமிடத்தில் பொடிமீன்கள் மொய்த்துக் காலி செய்தால், மென்மையான இரை கெண்டை வரும்வரை முள்ளில் தங்காது. அங்கேதான் பாய்லியின் அருமை தெரியும். முட்டையும் மாவும் சேர்த்துப் பிசைந்து, உருட்டி, வேகவைப்பதால் மேல்தோல் இறுகிவிடும். நண்டும் ஆமையும் உள்ள நீரில் இன்னும் காயவைத்துக் கெட்டியாக்கிக்கொள்ளலாம். பொடிமீன் தொல்லை இல்லாத ஏரியில் பாய்லிக்காக மெனக்கெட வேண்டியதில்லை, சோளமே போதும்.

கடைசியாக, அங்கே எவ்வளவு பேர் தூண்டில் போடுகிறார்கள் என்று பாருங்கள். நெதர்லாந்தில் பியூக்கெமா என்ற ஆய்வாளர் 1970இல் வெளியிட்ட சோதனைகளில், ஒரே ஒரு தடவை முள்ளில் மாட்டிய கெண்டை மறுபடி மாட்டுவது வெகுவாகக் குறைந்தது தெரிந்தது. கரையெல்லாம் மிதித்துத் தேய்ந்து, எல்லாரும் ஒரே நிறப் பெரிய உருண்டையைப் போடும் ஏரியில் நீங்களும் அதையே போடாதீர்கள். சிறியதாக, மங்கலாக, ஊறி வெளுத்ததாகப் போடுங்கள். ஏற்கெனவே பலநாள் தண்ணீரில் கிடந்த பண்டம்போல அது இருக்கட்டும். ஆளே வராத ஏரியில் கதை வேறு. அந்த மீன்களுக்குப் பாய்லி என்பது உணவு என்றே தெரியாமல் இருக்கலாம். அங்கே மண்புழுவும் சோளமும்தான் முதல் நாளிலேயே எடுபடும். நிறத்துக்கு நான் பெரிய இடம் கொடுப்பதில்லை. கலங்கல் நீரில் பளிச்சென்ற ஒன்று, தெளிந்த நீரில் தரையின் நிறத்தில் ஒன்று, அதோடு சரி.

மக்காச்சோளம், கொண்டைக்கடலை போன்ற காய்ந்த தானியங்களைப் பயன்படுத்தினால் ஒரு நாள் முழுக்க ஊறவைத்து, நசுக்கினால் நசுங்கும்வரை வேகவைத்துத்தான் போட வேண்டும். வேகாத தானியம் மீனின் குடலுக்குள் போய் உப்பினால் அதற்குக் கேடு. இதில் சமரசமே கிடையாது. கெட்டி இரை எதுவானாலும் முள்ளில் குத்தாமல், முள்ளிலிருந்து தொங்கும் சிறு நூலில் கோத்துவிடுங்கள். ஹேர் ரிக் என்பது இதுதான். முள்ளின் முனை மறையாமல் இருப்பதால், இரையை உறிஞ்சிய மீன் துப்பப் பார்க்கும்போது அது உதட்டில் பிடித்துக்கொள்ளும்.

முள் கட்டும் நாள் வந்ததும், குறித்து வைத்த இடங்களில் இரண்டைத் தேர்ந்தெடுங்கள்: ஒன்று மீனைக் கண்ணால் பார்த்த இடம், மற்றது அடித்தரை நன்றாக இருந்த இடம். இரண்டிலும் ஒரே இரையைப் போடாதீர்கள். சுற்றிலும் தூவுவதைக் குறைவாகவே தொடங்குங்கள். போட்ட இரையைத் திரும்ப எடுக்க முடியாது, கூட்டுவது எப்போது வேண்டுமானாலும் முடியும். கொத்தலே இல்லை என்றால் முதலில் இடத்தை மாற்றுங்கள். மீன் இரைக்கு மேலே குமிழி விட்டுக்கொண்டே இருந்தும் கொத்தவில்லை என்றால் மட்டும் இரையையோ முள் கட்டிய விதத்தையோ மாற்றுங்கள். பிடித்ததை நனைத்த மெத்தைமேல் கிடத்தி முள்ளை எடுங்கள். விடுவதற்கு முன் அது எந்த இடத்தில், எந்த ஆழத்தில், எத்தனை டிகிரி நீரில், எந்த இரைக்கு வந்தது என்று எழுதிக்கொள்ளுங்கள். அடுத்த முறை போகும்போது பையில் எதை வைப்பது என்பதை அந்தக் குறிப்பைப் பார்த்தே முடிவு செய்யலாம்.