ஆத்தை அகலப்படுத்திட்டாங்க, இனிமே வீட்டுக்குள்ள தண்ணி வராதா?

சென்னை தாம்பரம் பக்கத்துல முடிச்சூர்ல இருந்து ஒரு அம்மா கேட்டிருக்காங்க. 2015ல வீட்டுக்குள்ள நாலடி தண்ணி, 2023 மிக்ஜாம் புயல்ல மறுபடி முழங்கால் அளவு. இப்ப அடையாறை அகலப்படுத்தி கரை போட்டாச்சு, எங்க பக்கம் தெருவுக்கு அடியில கட் அண்ட் கவர் கால்வாயும் வந்துருச்சு, இதை நம்பி இருக்கலாமா, இல்ல ஜாக்கி வெச்சு வீட்டை தூக்கணுமா, பையன் வித்துட்டு வந்துடுங்கன்னு சொல்றான், என்ன பண்றதுன்னு.

அம்மா, அவசரப்பட்டு விக்காதீங்க. அதே சமயம் வேலை முடிஞ்சிருச்சுன்னு கண்ணை மூடிட்டும் இருக்க வேணாம். ஆத்துல வெள்ளம் குறையறது ஒரு விஷயம், உங்க தெரு தண்ணி ஆத்துக்குள்ள போய் சேர்றது இன்னொரு விஷயம், இந்த ரெண்டையும் தனித்தனியா பாத்தாதான் உங்க கேள்விக்கு பதில் கிடைக்கும்.

முதல்ல, உங்க வீட்டுக்கு வந்தது எந்த தண்ணின்னு தெரிஞ்சுக்கோங்க. எல்லாரும் செம்பரம்பாக்கம் ஏரியை திறந்ததால தான்னு சொல்லுவாங்க, 2015 டிசம்பர்ல அங்க இருந்து விநாடிக்கு 29 ஆயிரம் கன அடி வரைக்கும் திறந்தது நிஜம், ஆனா அந்த உபரி அடையாறுல சேர்றது திருநீர்மலை கிட்ட, அது உங்களுக்கு கீழ. அங்க ஆறு நிரம்பி நின்னா உங்க பக்கம் வடியறது லேட்டாகும், அவ்வளவுதான். உங்களை முக்கினது மேல இருக்கற ஆதனூர், மண்ணிவாக்கம், பெருங்களத்தூர் பக்கத்து ஏரிங்க நிரம்பி வழிஞ்ச தண்ணியும், உங்க ஊர் மேலயே பெஞ்ச மழையும் தான். அன்னைக்கு தாம்பரத்துல 24 மணி நேரத்துல 49 செ.மீ. மழை. ஒரு கிரவுண்ட் (2,400 சதுர அடி) மனையில மட்டும் கணக்கு போட்டா 1 லட்சத்து 9 ஆயிரம் லிட்டர், அதாவது 12 ஆயிரம் லிட்டர் தண்ணி லாரி ஒன்பதை உங்க வாசல்ல கவுத்து விட்ட மாதிரி, ஒவ்வொரு வீட்டுக்கும் அப்படி, எல்லாம் ஒரே நாள்ல.

அகலப்படுத்தினதால நல்லது நடக்குமா? நிச்சயமா நடக்கும். ஆனா ஜனங்க நினைக்கற கணக்கு தப்பு. அகலம் ரெண்டு மடங்கானா வெள்ளம் பாதி உயரத்துக்கு இறங்கிடாது, ஆழம் குறையற தண்ணி தரையில உரசி மெதுவா தான் ஓடும், அதனால 10 அடி ஆழத்துல போன அதே வெள்ளம் சரிவு மாறாம இருந்தா கிட்டத்தட்ட ஆறரை அடியில போகும். மூணரை அடி குறையறது சாதாரண விஷயம் இல்ல, உங்க வீட்டுல நின்ன தண்ணியே நாலடி தானே. ஆனா இது ஆறு முழுக்க ஒரே அகலமா இருந்தா தான். அடையாறு சுமார் 42 கி.மீ. ஓடுது, நடுவுல எத்தனையோ பாலம், ஏர்போர்ட்டோட ரெண்டாவது ரன்வேயே ஆத்து மேல பாலம் போட்டு தான் போகுது, கடைசியா பட்டினப்பாக்கம் முகத்துவாரத்துல மணல் மேடு வேற அடைக்கும். எங்க குறுகுதோ அங்க தண்ணி முட்டி பின்னாடி ஏறும். அதனால தான் நான் எப்பவும் சொல்றது, மேல தேக்கி வைக்கற வேலை ரொம்ப முக்கியம்னு, ஒரத்தூர்ல கட்டற நீர்த்தேக்கம் மாதிரி. உச்ச வெள்ளத்தை அஞ்சாறு மணி நேரம் பிடிச்சு வெச்சாலே கீழ எத்தனை வீடு தப்பிக்கும் தெரியுமா.

இப்ப கட் அண்ட் கவர். தெருவுக்கு அடியில பெரிய கான்கிரீட் பெட்டி, ஏரி உபரி உங்க தெரு மேல ஓடாம அதுக்குள்ள ஓடி ஆத்துல விழணும். நல்ல வேலை தான். ஆனா அது ஆத்துல விழற வாய் எந்த மட்டத்துல இருக்குன்னு பாருங்க. ஆத்து தண்ணி அந்த வாய்க்கு மேல ஏறிடுச்சுன்னா பெட்டிக்குள்ள இருக்கறது வெளிய போகாது, ஷட்டர் இல்லேன்னா ஆத்து தண்ணியே அது வழியா உள்ள வரும். கரை உயரமா போட்ட இடத்துல இன்னும் மோசம், ஆறு உள்ள வராம தடுக்கற அதே கரை தெரு தண்ணியையும் வெளிய விடாது, அப்போ பம்பு வெச்சு தான் எடுக்கணும்.

2015ல என் தம்பி வீட்டுல நான் பாத்தேன், முன்வாசல் படியில தண்ணி இன்னும் ரெண்டு படி கீழ இருக்கு, நாங்க மணல் மூட்டை அடுக்கிட்டு இருக்கோம், பின்னாடி பாத்ரூம் ஜாலி வழியா கருப்பு தண்ணி குபுகுபுன்னு ஏறி ஹாலுக்கு வந்துருச்சு. அதனால செப்டிக் டேங்குக்கு போற பைப்புல நான்-ரிட்டர்ன் வால்வ் (தண்ணி திரும்பி வராம தடுக்கற வால்வ்) போடறதை தள்ளிப் போடாதீங்க. ஈபி மீட்டர் போர்டையும் கீழ் ப்ளக் பாயின்டையும் 2015 கறைக்கு மேல ஏத்திடுங்க, சம்ப் மூடியை சுத்தி ஒன்றரை அடி சுவர் எழுப்புங்க.

வீட்டை தூக்கறதுக்கு முன்னாடி ஒரு வேலை. காம்பவுண்ட் சுவர்ல 2015 கறையும் 2023 கறையும் தெரியுதுன்னா பெயின்ட்ல கோடு போடுங்க, மேஸ்திரியை கூப்பிட்டு தண்ணி ட்யூப் வெச்சு ரெண்டு கோடும் உங்க வீட்டு தரையில இருந்து எத்தனை அங்குலம்னு குறிச்சுக்கோங்க. அப்புறம் அக்கம்பக்கத்துல நாலு வீடு சேர்ந்து ஒரு சர்வேயரை பிடிங்க, ஆட்டோ லெவல்னு மட்டம் பாக்கற கருவி வெச்சு ஆத்தங்கரை உச்சி, கால்வாய் வாய், உங்க தெரு, உங்க தரை, நாலு மட்டத்தையும் ஒரே பேப்பர்ல எழுதி கொடுத்துடுவார், ஒரு நாள் வேலை. உங்க தரை 2023 கோட்டுக்கு மேலயே இருக்கணும்னா எவ்வளவு தூக்கணும்னு அதுலயே தெரிஞ்சிடும். ரெண்டடி, மூணடின்னா, அஸ்திவாரம் நல்லா இருந்தா, தூக்கறது லாபம், தூக்கறதுக்கு முன்னாடி ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் ஒருத்தர் பாத்து எழுதி கொடுக்கணும், தூக்கற கம்பெனி ஆளோட வாய் வார்த்தை போதாது. அஞ்சடிக்கு மேல தூக்கணும்னு வந்தா தூக்காதீங்க, கீழ பார்க்கிங்கா விட்டுட்டு மேல ஒரு மாடி எடுத்து குடி போங்க. அந்த பேப்பர்ல உங்க தெரு, கால்வாய் வாயை விட தாழ்வா இருக்குன்னு வந்தா மட்டும் பையன் சொல்றதை உக்காந்து யோசிங்க.

இன்னொன்னு, ரோடு போட வந்தா பழசை சுரண்டிட்டு போட சொல்லி நில்லுங்க, 2021லயே அரசு உத்தரவு இருக்கு. இல்லேன்னா நீங்க தூக்கற ரெண்டடியை ரோடு கொஞ்சம் கொஞ்சமா சாப்பிட்டுடும்.

செப்டம்பர் கடைசியில, மழைக்கு முன்னாடி, கால்வாய் ஆத்துல சேர்ற இடத்துக்கு பையனை கூட்டிட்டு ஒரு தடவை நடந்து போய் பாருங்க. ஷட்டர் இருக்கா, திருப்பினா இறங்குதா, வாய்ல மண்ணும் ஆகாயத்தாமரையும் அடைச்சிருக்கா. அடைச்சிருந்தா போட்டோ எடுத்து நீர்வளத்துறை ஆபீஸ்ல எழுத்து மூலமா கொடுத்து, வாங்கிக்கிட்டதுக்கு சீல் வாங்கிட்டு வாங்க.