போர்க்காலத்தில் எதிரி நாட்டிலிருந்து எல்லை தாண்டி வந்து தாக்கும் எதிர்ப்புக் குழுவை, சொந்த நாட்டு மக்கள் வரவேற்பார்களா?

பெரும்பாலும் மாட்டார்கள், ஆட்சியை வெறுப்பவர்கள்கூட. 2023 மே மாதம் உக்ரைனிலிருந்து ரஷ்யாவின் பெல்கோரத் பகுதிக்குள் புகுந்த ரஷ்யக் குழுக்களைப் பார்த்துத்தான் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். எனக்கு நினைவுக்கு வருவது 1988 ஈரான்.

துபாயில் ஒரு கிடங்கில் வேலை பார்த்தபோது மேற்கு ஈரானின் கெர்மான்ஷா ஊர்க்காரர் ஒருவர் என்னோடு இருந்தார். மதகுருமார் ஆட்சியை வாய் ஓயாமல் திட்டுவார். ஆனால் அந்த ஆட்சியை எதிர்த்த முஜாஹிதீன்-எ-கல்க் இயக்கத்தின் பேச்சை எடுத்தால் 'முனாஃபிகீன்' (நயவஞ்சகர்கள்) என்பார். ஈரான் அரசு அவர்களுக்கு வைத்த பெயரே அதுதான். (நம் ஊர் முஸ்லிம் நண்பர்களுக்கு 'முனாஃபிக்' என்றால் எவ்வளவு கசப்பான வசவு என்று தெரியும்.)

ஈரான் மன்னர் ஷாவை எதிர்த்து வளர்ந்த இயக்கம் அது. 1979 புரட்சிக்குப் பிறகு புதிய ஆட்சியின் தலைவர் கொமேனியோடு முட்டிக்கொண்டது. தலைவர் மசூத் ரஜவி 1981இல் பாரிசுக்குத் தப்பினார், 1986இல் ஈராக்குக்குப் போனார். கெர்மான்ஷாவின் மேல் குண்டு போட்டுக்கொண்டிருந்த அதே சதாம் உசேனின் ஈராக்!

1988 ஜூலை 18 அன்று, ஈராக்குடனான போரை நிறுத்தச் சொன்ன ஐ.நா.வின் 598ஆம் தீர்மானத்தை ஏற்பதாக ஈரான் அறிவித்தது. எட்டு வருடப் போர் முடியப் போகிறது. ஒரே வாரத்தில், சதாம் கொடுத்த ஆயுதங்களோடு ரஜவியின் சில ஆயிரம் பேர் எல்லை தாண்டினார்கள். குறி தெஹ்ரான். வழியெல்லாம் மக்கள் திரண்டு வந்து சேர்ந்துகொள்வார்கள் என்பது கணக்கு. இஸ்லாமாபாத்-எ-கர்ப் நகரம் கைக்கு வந்தது, மக்கள் வரவில்லை. தார்ச்சாலையில் வரிசையாகப் போன வண்டிகள், கெர்மான்ஷாவுக்கு முப்பது கிலோமீட்டர் சொச்சம் இருக்கும்போது சஹார்ஸெபர் கணவாயில் மறிக்கப்பட்டன. ஹெலிகாப்டர்களும் விமானங்களும் மேலிருந்து அடித்தன. சில நாட்களில் கதை முடிந்தது.

நண்பர் அப்போது சிறுவன். "ராத்திரி நிலவறையில் படுக்க வேண்டாம் என்று அம்மா சொல்லி நாலு நாள்தான் ஆகியிருந்தது" என்றார். அவர் கோபம் அரசியலே இல்லை, இதுதான்.

ஆனால் அவர் பேசத் தயங்கிய பகுதி வேறு. அடுத்த சில வாரங்களில் ஈரானியச் சிறைகளில் ஆயிரக்கணக்கான கைதிகள், பெரும்பாலும் இந்த இயக்கத்தைச் சேர்ந்தவர்கள், கொல்லப்பட்டார்கள். பலர் வருடக்கணக்காக உள்ளே இருந்தவர்கள், எல்லைப் பக்கமே போகாதவர்கள். கொமேனிக்கு அடுத்த தலைவர் என்று அறிவிக்கப்பட்டிருந்த மொந்தசெரி இதை எழுத்திலேயே கண்டித்தார். 1989 மார்ச்சில் அவர் பதவி போயிற்று.