மருத்துவர் பதில்கள்: கீமோ பெறும் குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால்

புற்றுநோய்ச் சிகிச்சையில் இருக்கும் குழந்தைகளின் ரத்தத்தில் கிருமி புகுவது பற்றியும், அந்தக் கிருமி மருந்துக்குக் கட்டுப்படாமல் போவது பற்றியும் மியான்மரின் பல ஊர்களிலிருந்து பெற்றோர் எழுதியிருக்கிறார்கள். ஆகவே இந்த இதழின் பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறோம்.

என் மகனுக்கு ஆறு வயது. ரத்தப் புற்றுநோய்க்காக யாங்கோனில் கீமோ நடக்கிறது. சென்ற மாதம் கடும் காய்ச்சல் வந்தபோது, ரத்தத்தில் க்ளெப்சியெல்லா என்ற கிருமி இருக்கிறது, வழக்கமான மருந்து எதற்கும் அது அடங்கவில்லை என்றார்கள். கொலிஸ்டின் ஊசி போட்ட பிறகுதான் பிழைத்தான். வீட்டைச் சுத்தமாகத்தான் வைத்திருக்கிறேன். தண்ணீரைக் கொதிக்க வைத்துத்தான் கொடுக்கிறேன். பிறகு எங்கிருந்து வந்தது? சிறு வயதில் சளிக்கெல்லாம் கடையில் அமாக்சிசிலின் வாங்கிக் கொடுத்ததன் பலன் இது என்கிறார் என் நாத்தனார். உண்மையா?
— ஒரு தாய், தட்டோன்

அம்மா, அந்தக் கிருமி அன்றைக்கு வெளியிலிருந்து வந்ததாக இருக்க வேண்டியதில்லை. ஈ. கோலி, க்ளெப்சியெல்லா போன்றவை மனிதக் குடலில் தங்கியிருக்கும் கிருமிகள். குடலுக்குள் இருக்கும்வரை பெரும்பாலும் தொல்லை தருவதில்லை. கீமோ மருந்து வேகமாகப் பெருகும் செல்களை அழிப்பது. புற்றுநோய்ச் செல்களைப் போலவே குடலின் உட்சுவரும் எலும்பு மஜ்ஜையும் வேகமாகப் பெருகுபவை என்பதால், அவையும் அதில் அடிபடுகின்றன. குடற்சுவர் புண்ணாகி மெலிந்திருக்கும் அதே நாட்களில், கிருமியை எதிர்க்கும் நியூட்ரோஃபில் என்ற வெள்ளணுக்களும் குறைந்துவிடுகின்றன. பொதுவாக மருந்து ஏற்றிய ஒன்று அல்லது இரண்டு வாரங்களில் இந்த எண்ணிக்கை மிகக் கீழே போகும். ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் 500க்குக் கீழே இறங்கினால் ஆபத்தான நிலை. அப்போது குடலிலிருந்து ரத்தத்துக்குள் கசியும் கிருமியைத் தடுக்க ஆளில்லை. மருந்து ஏற்றுவதற்காக நெஞ்சில் பொருத்திய போர்ட் என்ற சிறு கருவி அல்லது நரம்பில் விட்டிருக்கும் குழாய் இன்னொரு வழி. வீட்டுத் தரையைத் துடைப்பதற்கும் இதற்கும் தொடர்பு மிகக் குறைவு.

அது மருந்துக்கு அடங்காததன் காரணம் வேறு. சில கிருமிகள் ஆன்டிபயாட்டிக்கை உடைத்துப் போடும் நொதிகளைத் தயாரிக்கின்றன. ஒருவகை நொதி செஃப்ட்ரியாக்ஸோன் போன்ற ஆன்டிபயாட்டிக்குகளை உடைக்கும். அப்போது மெரோபெனம் கைகொடுக்கும். என்.டி.எம். என்ற நொதியோ மெரோபெனத்தையும் உடைத்துவிடும். சுவீடனில் 2008இல் ஒரு நோயாளியிடம் கண்டறியப்பட்டு, 2009இல் மருத்துவ உலகுக்கு அறிவிக்கப்பட்ட இந்த நொதி, தெற்காசியாவிலும் தென்கிழக்காசியாவிலும் வெகுவாகப் பரவியிருக்கிறது. இதற்கான மரபணு பிளாஸ்மிட் என்ற சிறு டி.என்.ஏ. வளையத்தில் இருப்பதால், ஒரு கிருமி தன் இனத்தைச் சேராத இன்னொரு கிருமிக்கும் அதைக் கைமாற்றிவிடும். இப்படிப்பட்ட நிலையில்தான் கொலிஸ்டினை எடுக்கிறார்கள். சிறுநீரகத்தைப் பாதிக்கிறது என்று ஒரு காலத்தில் ஒதுக்கி வைக்கப்பட்ட பழைய மருந்து அது. வேறு வழியில்லாமல் திரும்ப வந்திருக்கிறது. உங்கள் மகனுக்குச் சிறுநீரகப் பரிசோதனையைத் தவறாமல் செய்யச் சொல்லுங்கள்.

நாத்தனார் சொன்னதில் பாதி சரி. எந்த ஆன்டிபயாட்டிக்கும் குடலில் எளிதில் சாகும் கிருமிகளைக் கொன்றுவிட்டு, சாகாதவற்றுக்கு இடம் ஒழித்துக் கொடுக்கிறது. ஆனால் இந்த மாற்றத்தின் பெரும்பகுதி சில மாதங்களில் தேய்ந்துவிடக்கூடியது. பல ஆண்டுகளுக்கு முன் சளிக்குக் கொடுத்த மருந்தின் மேல் இப்போதைய தொற்றின் பழியைப் போட முடியாது. நோய் கண்ட நாளிலிருந்து வார்டில் தங்கிய காலம், அங்கே உயிர் காக்கக் கொடுக்க வேண்டியிருந்த மருந்துகள், கட்டில் கம்பி, கைகழுவும் தொட்டி, பலர் கை என்று வேறு வழிகளே அதிகம் சாத்தியம். 2019இல் மட்டும் உலகெங்கும் சுமார் 12 லட்சத்து 70 ஆயிரம் பேர் மருந்துக்கு அடங்காத கிருமிகளால் நேரடியாக இறந்ததாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். சீட்டு இல்லாமல் கேட்பவருக்கெல்லாம் மாத்திரையை எண்ணிக் கொடுக்கும் கடைகளும் கோழிப் பண்ணைகளும் மருத்துவமனைகளும் சேர்ந்து உண்டாக்கிய நிலை இது. ஒரு தாயின் தலையில் ஏற்றக் கூடியதல்ல.

நீங்கள் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. இந்தக் கிருமி அவன் குடலில் பல மாதம் தங்கியிருக்கக்கூடும். ஆகவே அந்த ரத்தக் கல்ச்சர் (ரத்தத்திலுள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் பரிசோதனை) அறிக்கையைப் படம் எடுத்துக் கைப்பேசியில் வைத்திருங்கள். அடுத்த முறை காய்ச்சல் வந்தால், யார் பணியில் இருந்தாலும் முதலில் அதைக் காட்டுங்கள். எந்த மருந்தில் தொடங்குவது என்பதை அந்தத் தாளே தீர்மானிக்கும்.

எங்கள் வீடு யாங்கோனிலிருந்து தூரம். இரவில் மகளுக்குக் காய்ச்சல் அடித்தால் உடனே கிளம்புவது எளிதல்ல. பக்கத்து மருந்துக் கடையில் ஒரு ஆன்டிபயாட்டிக் வாங்கிக் கொடுத்துவிட்டு, பாரசிட்டமாலும் கொடுத்து, காலையில் கிளம்பலாமா?
— ஒரு தந்தை, பெகு

வேண்டாம். இதில் நான் எந்தச் சலுகையும் தருவதற்கில்லை. நியூட்ரோஃபில் குறைந்த குழந்தைக்குக் காய்ச்சல் ஒன்றே அறிகுறியாக இருக்கும். சீழ் கட்டவும் வீக்கம் வரவும் வெள்ளணு வேண்டுமே, அதுதான் இல்லையே. மாலையில் விளையாடிய குழந்தை விடியற்காலையில் ரத்த அழுத்தம் இறங்கிக் கிடப்பதுண்டு. மருத்துவமனை வாசலை மிதித்த ஒரு மணி நேரத்துக்குள் நரம்பு வழியாக மருந்து ஏற வேண்டும் என்பதே உலகெங்கும் வைத்திருக்கும் இலக்கு. கடை மாத்திரை அந்த வேலையைச் செய்யாது. அரைகுறையாகக் கிருமியை அமுக்கி, கல்ச்சரில் அது வளராமலும் செய்துவிடும். அப்புறம் எந்தக் கிருமி என்று தெரியாமல் மருத்துவர்கள் இருட்டில் கை துழாவ வேண்டியதுதான்.

அக்குளில் வைத்து அளந்து பாருங்கள். ஆசனவாயில் வைக்கவே கூடாது. ஒரு முறை 101 டிகிரி காட்டினாலும், 100.4 டிகிரி ஒரு மணி நேரம் நீடித்தாலும் கிளம்ப வேண்டும். அளப்பதற்கு முன் பாரசிட்டமால் கொடுத்தால் காய்ச்சல் மறைந்துவிடும், கிருமி மறையாது. ஆஸ்பிரினும் ஐபுப்ரோஃபெனும் ரத்தக் கசிவை உண்டாக்குவதால் தொடவே வேண்டாம். காய்ச்சலே இல்லாமல் குழந்தை துவண்டு, கை கால் சில்லிட்டுப் போனாலும், குழாயில் மருந்து செலுத்திய சிறிது நேரத்தில் உடம்பு தூக்கிப் போட நடுங்கினாலும் அதே அவசரம்தான்.

இரவுப் பயணம் முடியாத ஊர்களில் இருப்போர் முன்கூட்டியே ஒன்று செய்துகொள்ளலாம். சிகிச்சை அளிக்கும் மருத்துவரிடம், நோயின் பெயர், கடைசியாகக் கீமோ ஏறிய தேதி, காய்ச்சல் வந்தால் முதலில் ஏற்ற வேண்டிய மருந்து, அதன் அளவு ஆகியவற்றைக் குறித்து ஒரு கடிதம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அருகிலுள்ள அரசு மருத்துவமனையில் அதைக் காட்டி, ரத்தம் எடுத்து முதல் ஊசியைப் போட்டுக்கொண்டு, பிறகு பெரிய மருத்துவமனைக்குப் போகலாம். இப்போதே, காய்ச்சல் இல்லாத நாளில், இதைக் கேட்டு வாங்குங்கள்.

என் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்த முதல் நாள் மெரோபெனம் கொடுத்தார்கள். மூன்றாம் நாள் அதை நிறுத்திவிட்டுச் "சாதாரண" மருந்து ஒன்றுக்கு மாற்றிவிட்டார்கள். விலையை மிச்சப்படுத்தவா? மேலும், ரத்தத்தைக் கையிலும் போர்ட்டிலும் இரண்டு முறை எடுத்தார்கள். ஏற்கெனவே ரத்தம் குறைந்த பிள்ளையிடம் இது தேவையா?
— ஒரு வாசகர், மோல்மேன்

இரண்டும் நல்ல மருத்துவத்தின் அடையாளம். கல்ச்சர் குப்பியைக் கருவியில் வைத்தால், கிருமி வளர்ந்து வாயு வெளிவிடும்போது கருவி குரல் கொடுக்கும்; பெரும்பாலும் இது இரண்டு நாளுக்குள் நடந்துவிடுகிறது. பிறகு கிருமியின் பெயரும், எந்த மருந்துக்கு அடங்கும் என்ற பட்டியலும் வரும். பட்டியலில் மருந்துக்கு நேரே 'எஸ்' என்றிருந்தால் கேட்கும், 'ஆர்' என்றிருந்தால் கேட்காது. முதல் நாள் கிருமி எதுவென்று தெரியாததால் வலையை அகலமாக வீசுகிறார்கள். தெரிந்த பிறகு அந்தக் கிருமிக்குரிய மருந்தை மட்டும் கொடுப்பது, குடலில் உள்ள மற்றவற்றை வீணாகக் கலைக்காமல், நாளைக்கு மெரோபெனம் உண்மையிலேயே தேவைப்படும்போது அது வேலை செய்யும்படி பார்த்துக்கொள்வதாகும். சாதாரண மருந்து பலவீனமான மருந்து என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். 'எஸ்' விழுந்த மருந்து எதுவும் அந்தக் கிருமிக்குப் பலவீனமானதல்ல. உலக சுகாதார நிறுவனம் 2017இல் ஆன்டிபயாட்டிக்குகளை மூன்று குழுக்களாகப் பிரித்து, கொலிஸ்டின் போன்றவற்றைக் கடைசிக் கையிருப்பாக வைத்ததும் இந்த எண்ணத்தில்தான்.

இரண்டு இடத்தில் ரத்தம் எடுப்பதற்கும் காரணம் உண்டு. போர்ட்டிலிருந்து எடுத்த குப்பியில், கையிலிருந்து எடுத்ததைவிட இரண்டு மணி நேரமோ அதற்கு மேலோ முன்னதாகக் கிருமி வளர்ந்தால், போர்ட்டே கிருமியின் கூடாரம் என்று சந்தேகிக்கலாம். சில கிருமிகளுக்கு மருந்து மட்டும் போதாது. போர்ட்டை எடுத்தால்தான் காய்ச்சல் நிற்கும். அந்த முடிவை எடுக்க உதவுவது இரண்டாவது குப்பிதான். குழந்தையின் எடைக்கு ஏற்றபடி போதிய ரத்தம் குப்பியில் விழாவிட்டால், கிருமி இருந்தும் இல்லை என்று அறிக்கை வரலாம். எனவே தடுக்காதீர்கள்.

ஏப்ரலில் பர்மியப் புத்தாண்டான திஞ்சான் வருகிறது. தெருவில் தண்ணீர் ஊற்றும்போது பிள்ளையை வாசலில் நிறுத்தலாமா? கோயில் பிரசாதம் கொடுக்கலாமா?
— சியாவடி வாசகி

ஏரியிலிருந்தும் குளத்திலிருந்தும் இறைத்து ஊற்றும் நீரில் சூடோமோனாஸ் என்ற கிருமி இருக்கக்கூடும். வெள்ளணு குறைந்த பிள்ளைக்கு அது கொடியது. மருந்துக் குழாயின் மேலுள்ள கட்டு நனைந்தாலே போதும். ஜன்னல் வழியாகப் பார்க்கட்டும். சூடாக இறக்கிய சர்க்கரைப் பொங்கல் கொடுக்கலாம். தீர்த்தமும் பல கை பட்ட பஞ்சாமிர்தமும் வேண்டாம். பச்சைக் கோஸ் சேர்த்துப் பிசைந்த லப்பெத்தோ என்ற ஊறவைத்த தேயிலைக் கலவையும் வெள்ளணு எண்ணிக்கை ஏறும்வரை வேண்டாம்.

வாரத்தில் மூன்று நாள் கோட்ரைமாக்சசோல் மாத்திரை கொடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். ஆன்டிபயாட்டிக்கைத் தேவையில்லாமல் கொடுத்தால் கிருமி பழகிவிடும் என்று நீங்களே எழுதுகிறீர்கள். நிறுத்திவிடட்டுமா?
— ஒரு தந்தை, யாங்கோன்

நிறுத்தக் கூடாது. இது நிமோசிஸ்டிஸ் என்ற கடுமையான நுரையீரல் தொற்றைத் தடுப்பதற்கானது. ரத்தப் புற்றுநோய்ச் சிகிச்சையில் இருக்கும் குழந்தைக்கு அது உயிரையே பறிக்கக்கூடியது. இந்த மாத்திரையால் சில குடல் கிருமிகள் இதற்குப் பழகிப்போவது உண்மைதான். ஆனால் ஒரு நன்மைக்காக அறிந்தே ஏற்கும் விலை அது. தோலில் தடிப்பு வந்தாலோ, வெள்ளணு ஏறாமல் நின்றாலோ மருத்துவரிடம் சொல்லுங்கள். மாற்று மருந்துகள் இருக்கின்றன. அவர் மாற்றும்வரை குறித்த நாட்களில் கொடுத்து வாருங்கள்.