அமெரிக்காவில் சைக்கோமெட்ரிக்ஸ் பிஎச்.டி.: நீங்கள் கேட்டவையும் என் பதில்களும்

கே: அக்கா, எம்.எஸ்சி. சைக்காலஜி கடைசி வருஷம். அமெரிக்க சைக்காலஜி துறைகளில் சைக்கோமெட்ரிக்ஸ் (மனப்பண்புகளையும் திறன்களையும் அளக்கும் தேர்வுகள், கேள்வித்தாள்கள் பற்றிய படிப்பு) தேடினால் அதிகம் சிக்கவில்லையே?

ப: கல்வியியல் துறைகளிலும் தேடுங்கள். அயோவா, மாசசூசெட்ஸ் ஆம்ஹர்ஸ்ட் பல்கலைக்கழகங்கள் இரண்டிலும் அது கல்வியியல் கல்லூரிக்குள்தான் இருக்கிறது. 2002-இல் கையெழுத்தான 'நோ சைல்டு லெஃப்ட் பிஹைண்ட்' என்ற அமெரிக்கப் பள்ளிக் கல்விச் சட்டம் 3 முதல் 8-ஆம் வகுப்பு வரை ஆண்டுத் தேர்வைக் கட்டாயமாக்கியதும், தேர்வுகளை அளந்து சரிபார்ப்பவர்களுக்குக் கிராக்கி வந்தது அந்தப் பக்கம்தான். சைக்காலஜியே வேண்டுமென்றால் 'குவான்டிடேட்டிவ் சைக்காலஜி' என்று தேடுங்கள். இத்துறையின் முன்னோடி தர்ஸ்டன் பெயரில் ஆய்வகம் வைத்திருக்கும் வட கரோலினா பல்கலைக்கழகம், சாப்பல் ஹில் முதலில் வரும்.

கே: மற்ற சைக்காலஜி மாணவர்களுக்கு இதைச் சொல்லித்தருவதே இல்லையா?

ப: கொஞ்சம் உண்டு. அமெரிக்கா, கனடாவில் 201 பிஎச்.டி. திட்டங்களைக் கேட்டு 2008-இல் வெளியான ஆய்வில், புள்ளியியலும் அளவியலும் சேர்ந்தே இடைநிலையாக (மீடியன்) 1.6 ஆண்டுப் பயிற்சிதான். அதிலும் பெரும்பகுதியை அறிமுகப் புள்ளியியல் தின்றுவிடுகிறது. இந்தக் குழுவில் சிலர் 1990-இல் வெளியிட்ட முந்தைய ஆய்விலும் ஏறக்குறைய இதே புலம்பல்தான்.

கே: என் கேள்வித்தாளுக்கு ஆல்ஃபா (கேள்விகள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று காட்டும் எண்) 0.90 வந்துவிட்டது. இது போதும் என்கிறார் கைடு.

ப: எத்தனை கேள்விகள் என்று சொல்லவில்லையே! கேள்விகளுக்கிடையே சராசரி ஒட்டுறவு 0.3 என்று வையுங்கள். 5 கேள்விக்கு ஆல்ஃபா சுமார் 0.68. அதே 0.3-ஐ வைத்து 20 கேள்வி போட்டால் 0.90. கேள்விகள் கூடின, அவ்வளவுதான். 'எனக்குத் தூக்கம் வரவில்லை', 'இரவில் தூங்க முடியவில்லை' என்று ஒன்றையே இரண்டு தடவை கேட்டாலும் ஏறும். கவலையையும் களைப்பையும் ஒரே தாளில் கலந்து வைத்திருந்தால்கூட அந்த எண் காட்டிக்கொடுக்காது. எந்தெந்தக் கேள்விகள் ஒன்றாகச் சேர்கின்றன என்று காட்டும் காரணிப் பகுப்பாய்வு செய்து பாருங்கள். கேள்விகளை, அதற்குப் பதில் சொல்லப்போகிறவர்கள் சிலரிடம் வாசித்துக் காட்டி, என்ன புரிந்தது என்று கேளுங்கள். (ஆல்ஃபாவைப் பிரபலமாக்கிய க்ரான்பாக்கின் 1951 கட்டுரையை மேற்கோள் காட்டுபவர்களில் படித்தவர்கள் எத்தனை பேரோ!)

கே: ஆர் மென்பொருளில் எல்லாம் இலவசம். வகுப்பு எதற்கு?

ப: காரணிப் பகுப்பாய்வுக்கு உதவும் லாவான், ஒவ்வொரு கேள்விக்கும் வரும் பதில்களை ஆராயும் மிர்ட் என்ற ஆர் தொகுப்புகள் இரண்டுக்குமே 2012-இல் அறிமுகக் கட்டுரை வந்தது, அருமையானவை. எந்த மாடலைக் கொடுத்தாலும் ஓட்டிவிடும். அந்த மாடல் உங்கள் கேள்விகளுக்குப் பொருந்துமா என்று யோசிக்கக் கற்றுத்தருவதுதான் வகுப்பு. குறைந்துபோனது அதுதான் என்பது என் வருத்தம்.

கே: வேலை கிடைக்குமா மேடம்?

ப: ஜி.ஆர்.ஈ. நடத்தும் ஈ.டி.எஸ்., டூயோலிங்கோவின் ஆங்கிலத் தேர்வு, மருத்துவர் உரிமத் தேர்வு வாரியம் எல்லாவற்றுக்கும் இந்த ஆட்கள் வேண்டும். விண்ணப்பிக்கும் முன் லீனியர் அல்ஜீப்ரா ஒரு பேப்பராவது முடித்துவிடுங்கள்.