உதிக்கும் நிலா ஏன் பெரிதாகத் தெரிகிறது?

பௌர்ணமி நிலா கிளம்பும்போது தாம்பாளம் மாதிரி இருந்துவிட்டு, ராத்திரி ஏற ஏற ஏன் சுருங்குகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். சுருங்குவதே இல்லை. நானும் நம்பாமல் மொட்டைமாடியில் சோதித்துப் பார்த்தேன். கையை முழுக்க நீட்டிச் சுண்டுவிரலைத் தூக்கினால், அடிவானத்திலும் சரி, உச்சியிலும் சரி, நகமே நிலாவை மறைத்துவிடுகிறது. இரண்டு வேளையும் அதன் அகலம் சுமார் அரை டிகிரிதான்.

வேடிக்கை என்னவென்றால், கணக்குப்படி உதிக்கும் நிலாதான் துளி சிறியது! தலைக்கு மேலே வரும்போது கிட்டத்தட்ட பூமியின் ஆரம் அளவுக்கு, அதாவது 6,400 கிலோமீட்டர், நமக்கு நெருங்கிவிடுகிறது. மொத்தத் தூரம் சுமார் 3,84,000 கிலோமீட்டர் என்பதால் அந்த வித்தியாசம் கண்ணுக்குப் பிடிபடாது.

காற்று பெரிதாக்குகிறது என்பார்கள். அது நிலாவை மேலும் கீழுமாகக் கொஞ்சம் நசுக்கத்தான் செய்கிறது. ஏமாறுவது நம் மூளை. காகிதத்தைக் குழலாகச் சுருட்டி, மரமும் வீடும் தெரியாமல் பாருங்கள். தாம்பாளம் சட்டென்று சின்னதாகிவிடும்.