ஸ்கூல் நடத்தணும்னு சொல்ற மவளுக்கு பார்மசி சீட்டு தேடாதீங்க லாத்தா

வஅலைக்குமுஸ்ஸலாம் லாத்தா. மெசேஜ் படிச்சேன், வாய்ஸ் நோட்டும் கேட்டேன், பின்னால மச்சான் "டீச்சர் சம்பளத்துல என்னத்த ஆவும்"னு சத்தம் போட்டதும் அதுல நல்லாவே விழுந்திருக்கு, அதனால ரெண்டு பேருக்கும் சேத்தே எழுதுறேன், அவங்களுக்கும் படிச்சுக் காட்டுங்க.

மவ கிரேடு 11, மேக்ஸ் நல்லா வருது, வீட்டுல பார்மசினு முடிவாயிடுச்சு, அவ மட்டும் டீச்சருக்குப் படிச்சு பின்னால தீனும் துன்யாவும், அதாவது மார்க்கமும் உலகப் படிப்பும், சேந்த ஒரு ஸ்கூல் நடத்தணும்னு ஒத்தக்கால்ல நிக்கிறா. இது பொம்பளப்பிள்ளைக்கு ஆவுற காரியமா, இதுக்கு வழினு ஒண்ணு இருக்கான்னு கேட்டீங்க. இருக்கு. ஆனா பதினஞ்சு வருஷத்து வழி, அதுல முத பத்து வருஷம் அவ ஸ்கூல் ஆரம்பிக்கிற பேச்சையே எடுக்கக் கூடாதுங்கறது என் கருத்து. தென்னாப்பிரிக்காவுல, நம்ம டர்பன்லயே ஆசைப்பட்டு ஆரம்பிச்சு ரெண்டு வருஷத்துல மூடுன இடம் எத்தனைனு உங்களுக்கே தெரியும். பெரும்பாலும் காசில்லாம மூடுறதில்ல, வகுப்பறையில நாலு வருஷம்கூட நிக்காத ஆள் பிரின்சிபல் நாற்காலியில உக்காந்ததால மூடுறது.

பொம்பள நடத்தலாமாங்கறதுக்கு எல்லா மேடையிலயும் மொராக்கோவுல ஃபெஸ் நகரத்து கராவிய்யீனைக் கட்டினதா சொல்ற ஃபாத்திமா அல் ஃபிஹ்ரியைத்தான் சொல்வாங்க. நான் இன்னும் கிட்ட உள்ள ஆளைச் சொல்றேன், வங்காளத்து பேகம் ரொக்கையா. 1909ல புருஷன் மவுத்தான பிறகு அவர் ஒதுக்கி வச்ச பணத்துல பாகல்பூர்ல அஞ்சு பிள்ளைகளோட ஸ்கூல் ஆரம்பிச்சாங்க, சொத்துத் தகராறு வந்து அங்க நடத்த முடியாம கல்கத்தாவுக்குப் போய் 1911ல எட்டுப் பிள்ளைகளோட மறுபடி ஆரம்பிச்சாங்க, வீடு வீடாப் போய் பிள்ளைகளைக் கேட்டாங்க. பர்தாவுக்காக ஸ்கூல் வண்டியை நாலு பக்கமும் அடைச்சு விட்டா உள்ள காத்தில்லாம பிள்ளைகள் மயங்கி விழுதுக, சரின்னு கொஞ்சம் திறந்து விட்டா "பர்தா போச்சு"னு மொட்டைக் கடுதாசி வருது. இன்னைக்கும் கொல்கத்தாவுல அந்த ஸ்கூல் நடக்குது. நான் இதைச் சொல்றது வீரக்கதைக்காக இல்ல லாத்தா. ஸ்கூல் நடத்துறதுன்னா பாதி வேலை இந்த வண்டி சமாச்சாரம் மாதிரிதான், ஒரு பக்கம் பிள்ளையோட மூச்சு, இன்னொரு பக்கம் ஊர் வாய், நடுவுல நின்னு முடிவெடுக்கணும். உங்க மவளுக்கு அந்தப் பொறுமை இருக்கான்னு பாருங்க, மார்க்கை அப்புறம் பாக்கலாம்.

இப்ப படிப்பு. ஸ்கூல் முடிச்ச உடனே போறதுன்னா பி.எட், நாலு வருஷம். நம்ம பக்கம் யூகேஇசட்என், அதாவது குவாசுலு-நட்டால் யுனிவர்சிட்டியோட எட்ஜ்வுட் கேம்பஸ் பைன்டவுன்ல இருக்கு, வீட்டை விட்டு அனுப்ப மனசில்லைன்னா யூனிசா யுனிவர்சிட்டியில தபால்வழியும் உண்டு. இன்னொரு வழி, முதல்ல பி.எஸ்சி முடிச்சுட்டு ஒரு வருஷம் பிஜிசிஇங்கற டீச்சர் படிப்பு. மேக்ஸ் நல்லா வர்ற பிள்ளைக்கு நான் ரெண்டாவதைத்தான் சொல்வேன், ஏன்னா மச்சான் கவலைப்படுற மாதிரி நாளைக்கு மனசு மாறினாலும் கையில ஒரு சயின்ஸ் டிகிரி இருக்கும், மேக்ஸ் டீச்சருக்கு இந்த நாட்டுல எப்பவும் கிராக்கி உண்டு. ஆனா அவ மனசு சின்னப் பிள்ளைகள்ட்ட இருக்குன்னா, அதாவது ஒண்ணாம் வகுப்புக்கு முந்தின கிரேடு ஆர்ல இருந்து மூணு வரைக்கும், அப்ப பி.எட் ஃபவுண்டேஷன் ஃபேஸ் எடுக்கறதுதான் நல்லது. எதுவானாலும் மேக்ஸை விட்டுட்டு மேக்ஸ் லிட்டரசிங்கற லேசான கணக்குப் பாடத்துக்கு மாறுறேன்னு சொன்னா மட்டும் விடாதீங்க.

பீஸுக்கு ஃபுன்ஸா லுஷாக்கான்னு அரசு பர்சரி இருக்கு, சிட்டிசன்ஷிப் இருந்தா போடலாம். எத்தனை வருஷம் காசு வாங்குறாளோ அத்தனை வருஷம் அரசு ஸ்கூல்ல வேலை பாக்கணும்ங்கறது கண்டிஷன். இதைக் கேட்டதும் நம்ம ஆளுங்க முகம் சுளிப்பாங்க, "நம்ம பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கத்தானே படிச்சா"ன்னு. எனக்கு என்னமோ அந்த நாலு வருஷம்தான் பர்சரியை விட பெரிய லாபம்னு தோணுது. ஒரு வகுப்புல நாப்பது அம்பது பிள்ளைகள், பாதிப் பேருக்கு வீட்டுல சூலு பாஷை, பசியோட வர்ற பிள்ளை, கையெழுத்துப் போடத் தெரியாத பாட்டி வந்து ரிப்போர்ட் வாங்குறது, இதெல்லாம் பாத்த டீச்சர் நாளைக்குத் தன் ஸ்கூல்ல "ஒழுக்கம்"னு பேசும்போது அதுக்கு ஒரு எடை இருக்கும். டிகிரி முடிச்சதும் சேஸ்ங்கற டீச்சர் கவுன்சில்ல பதிவு பண்ணணும், அது இல்லாம எந்த ஸ்கூல்லயும் டீச்சரா நிக்க முடியாது, போலீஸ் கிளியரன்சும் கேப்பாங்க. அப்புறம் அஞ்சாறு வருஷம் கழிச்சு ஒரு டிபார்ட்மென்ட் ஹெட் ஆகிட்டு, வேலை பாத்துக்கிட்டே ஸ்கூல் லீடர்ஷிப்ல அட்வான்ஸ்டு டிப்ளமா படிச்சுடலாம். இந்த நாட்டுல டீச்சர்ல பெரும்பாலும் பொம்பளைங்கதான், பிரின்சிபல் ரூமுக்குள்ள போனா ஆம்பளைங்கதான் அதிகம், அதனால காகிதத்துல குறை சொல்ல முடியாத அளவுக்கு அவ தயாரா இருக்கட்டும்.

சட்டம் அவளுக்கு எதிரா இல்ல. தென்னாப்பிரிக்க அரசியல் சட்டத்துல 29வது பிரிவே சொந்தச் செலவுல யாரும் தனியார் ஸ்கூல் நடத்தலாம்னு சொல்லுது, மூணு கண்டிஷன்: இனம் பாத்து பிள்ளையை ஒதுக்கக் கூடாது, அரசுல பதிவு பண்ணணும், அதே மாதிரியான அரசு ஸ்கூலை விட தரம் குறையக் கூடாது. பதிவு மாகாண கல்வித் துறையில, 1996 ஸ்கூல்ஸ் ஆக்ட்படி. பிறகு கல்வித் தரத்தைப் பாக்குற உமாலுசி அமைப்போட அங்கீகாரம். பதிவில்லாம நடத்துறது குற்றம், "முதல்ல ஆரம்பிப்போம் பேப்பர் பின்னால வரும்"னு யாராச்சும் பெரியவங்க சொன்னா சலாம் சொல்லிட்டு எந்திரிச்சு வந்துடுங்க.

பெரும்பாலும் ஸ்கூல் நான்-பிராஃபிட் கம்பெனியா இருக்கும், குறைஞ்சது மூணு டைரக்டர். இங்கதான் நம்ம வீடுகள்ல சண்டை வரும். வாப்பா ஒண்ணு, காக்கா ஒண்ணு, மாப்பிள்ளை ஒண்ணுன்னு போட்டு முடிச்சுடலாம்னு நினைப்பாங்க, ஆனா வரிவிலக்கு வேணும்னு வரித் துறையான சார்ஸ்ட்ட போனா ஒருத்தருக்கொருத்தர் சொந்தமில்லாத மூணு பேராவது பொறுப்புல இருக்கணும், ஒரே ஆள் கையில முடிவு இருக்கக் கூடாது. நன்கொடை கொடுக்குறவங்களும் அந்த வரிக்கழிவுச் சான்றிதழைத்தான் கேப்பாங்க. அதனால இது அவ சொத்தாவும் இருக்காது உங்க குடும்பச் சொத்தாவும் இருக்காது, அவ அங்க சம்பளம் வாங்குற பிரின்சிபல், அவ்வளவுதான். இதை இப்பவே மனசுல போட்டுக்கங்க. இன்னொண்ணு, டைரக்டர்கள் எல்லாம் ஆம்பளைங்களா உக்காந்து பிள்ளைகளைப் பாக்குற வேலையை மட்டும் அவகிட்ட தள்ளிடுறது சகஜமா நடக்குது, அதனால யாரை வேலைக்கு எடுக்கறது, என்ன பாடம், பீஸ் எவ்வளவுங்கறதுல பிரின்சிபல் சொல்லுக்கு என்ன மதிப்புன்னு கம்பெனி விதியிலயே எழுதி வச்சுட்டுத்தான் கையெழுத்துப் போடணும்.

சரி, மதிப்புகள், அஃக்லாக்கு, நல்லொழுக்கம்னு போர்டுல எழுதாத ஸ்கூல் ஏது. நான் ஒரு ஸ்கூலைப் பாக்கப் போனா போர்டைப் படிக்க மாட்டேன், டைம்டேபிளைக் கேப்பேன். கேப்ஸ்ங்கற அரசுப் பாடத்திட்டத்துல கிரேடு நாலுல இருந்து வாரத்துக்கு இருபத்தேழரை மணி நேரம் பாடம் எடுத்தே ஆகணும். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்காக பன்னெண்டுக்குள்ள விட்டா அன்னைக்கு நாலு மணி நேரம்தான் தேறும், மீதி இருபத்தி மூணரையை நாலு நாள்ல பிரிச்சா ஒரு நாளைக்கு ஆறு மணிக்குப் பக்கம். அதுக்கு மேல குர்ஆன் முக்கா மணி, தீனியாத் அரை மணி, இடைவேளையும் லுஹர் தொழுகையும் சேத்து ஒரு மணி. காலையில ஏழரைக்கு ஆரம்பிச்சா பிள்ளை வெளிய வர மூணரை தாண்டிடும். சாயங்கால மதரஸாவுக்குத் தனியா ஓட வேண்டியதில்லைங்கறது உண்மைதான், ஆனா விளையாட்டு எங்க, தமிழ் எங்க, அந்தப் பிள்ளை எப்ப சும்மா இருக்கும்? எதை வெட்டுறது எதை வைக்கறதுங்கறதுதான் அந்த ஸ்கூலோட மதிப்பு. அவளை ஒரு நாள் உக்காந்து இப்படி ஒரு டைம்டேபிள் போடச் சொல்லுங்க, பொழுதுபோக்கா இல்ல, நிஜமாவே, அழிச்சு அழிச்சு எழுதட்டும்.

பிரம்பு விஷயமும் சொல்லிடணும், நம்ம ஓதுற பள்ளியில வளந்தவங்க யாரும் அதை மறக்க மாட்டாங்க. ஸ்கூல்ல அடிக்கிறது இங்க சட்டப்படி தடை, தனியார் ஸ்கூலுக்கும் சேத்துத்தான். 196 கிறிஸ்தவ ஸ்கூல்கள் சேந்து, எங்க வேதப்படி கண்டிக்கணும் எங்களுக்கு விலக்குக் கொடுங்கன்னு கோர்ட்டுக்குப் போனாங்க, 2000ல அரசியல் சட்ட நீதிமன்றம் முடியாதுன்னு சொல்லிடுச்சு. மார்க்கம்னு பேர் சொன்னா சட்டம் வழிவிடும்னு நினைக்காதீங்க. எனக்கு அந்தத் தீர்ப்புல சந்தோஷம்தான். ஒரு உஸ்தாத் பிரம்பெடுத்தா அன்னைக்கே எழுத்துல நோட்டீஸ் கொடுக்குற தைரியம் அவளுக்கு வேணும், அவர் அவளை விட வயசுல மூத்தவராவும் இருப்பார் ஊர்ல மதிப்பானவராவும் இருப்பார்.

இடம். பள்ளிவாசலுக்குச் சொந்தமான கட்டடத்துல கொஞ்ச நாள் நடத்திக்கங்கன்னு யாராச்சும் சொல்வாங்க, வாய் வார்த்தையா. நல்ல மனசோடதான் சொல்வாங்க. நம்ம டர்பன்லயே ஜும்ஆ மஸ்ஜித் டிரஸ்ட் இடத்துல இருந்த ஒரு அரசுப் பிரைமரி ஸ்கூல் விஷயம் 2011ல அரசியல் சட்ட நீதிமன்றம் வரைக்கும் போச்சு. டிரஸ்ட்டுக்கும் கல்வித் துறைக்கும் நடுவுல சட்டப்படி போட வேண்டிய ஒப்பந்தம் முடிவாகவே இல்ல, காலி பண்ணுங்கன்னு வந்துடுச்சு. பிள்ளைகளோட கல்வி உரிமையை இடத்துக்காரரும் கணக்குல எடுக்கணும்னு கோர்ட் சொன்னது பெரிய விஷயம், ஆனாலும் வேற ஸ்கூல்ல இடம் ஏற்பாடானதும் கடைசியில காலி பண்ணித்தான் ஆச்சு. அதனால லீஸ் எழுத்துல, வருஷக் கணக்கு போட்டு, முனிசிபாலிட்டியில அந்த இடத்தை ஸ்கூலா பயன்படுத்த அனுமதியும் ஃபயர் கிளியரன்சும் வாங்கின பிறகுதான் ஒரு பிள்ளையைச் சேக்கணும்.

காசு விஷயத்துல மச்சானுக்கு ஒரு வார்த்தை. லாப நோக்கமில்லாத தனியார் ஸ்கூலுக்கு அரசு மானியம் உண்டு, பதிவாகி ஒரு வருஷம் நடத்தின பிறகு கேக்கலாம். பீஸ் எவ்வளவு குறைவோ மானியம் அவ்வளவு கூட: மாகாணம் ஒரு பிள்ளைக்குச் செலவழிக்கிற சராசரியில பாதிக்குக் கீழ உங்க பீஸ் இருந்தா, அந்தச் சராசரியில அறுபது சதவீதம் வரைக்கும் கிடைக்கும், சராசரியைப் போல ரெண்டரை மடங்குக்கு மேல பீஸ் வாங்கினா ஒண்ணும் கிடையாது. ஏழைப் பிள்ளைக்கு நடத்துறவங்களுக்கு இது பெரிய துணை, ஆனா வர வேண்டிய நாள்ல வரும்னு நம்பி டீச்சர் சம்பளத்தை அதுல கட்டிடாதீங்க. வட்டி வேணாம்னா கட்டடத்துக்கு வக்ஃபு மாதிரி நல்ல வழி இல்ல. கேரளாவுல கொல்லத்துல இருந்து 1890ல கூலிக்கு வந்து வாழைத் தோட்டம் போட்ட எம்.எல்.சுல்தான் கொடுத்த காசுல வந்த காலேஜ்தான் இன்னைக்கு டியூடி, அதாவது டர்பன் டெக்னாலஜி யுனிவர்சிட்டியோட ஒரு பகுதி, அதுல படிச்சவங்க எல்லா மதத்துலயும் இருக்காங்க, உங்க தெருவுலயே இருப்பாங்க. வீட்டை மட்டும் ஜாமீனா வைக்காதீங்க. அவ கேட்டாலும் வைக்காதீங்க.

கல்யாணத்தைப் பத்தி ரொம்ப எழுதியிருந்தீங்க, எனக்கு அதுல சொல்ல நிறைய இல்ல. டீச்சர் பொண்ணுனா மாப்பிள்ளை வீட்டுல யாரும் வேணாம்னு சொல்றதில்ல, ஸ்கூல் வரப்போறது முப்பது வயசுக்கு மேல, அதுக்குள்ள பேசிப் புரியவைக்க வேண்டியது அந்தப் பையன்ட்ட, நிக்காஹுக்கு முன்னாடியே, அவ வாயாலேயே.

ஆரம்பமும் பெருசா வேணாம். கிரேடு ஆர் ஒரு வகுப்பு, அடுத்த வருஷம் கிரேடு ஒண்ணு, இப்படி அதே பிள்ளைகளோட சேந்து ஸ்கூலும் வருஷத்துக்கு ஒரு வகுப்பா வளரட்டும். 2024ல பேலாங்கற கல்விச் சட்டம் வந்த பிறகு கிரேடு ஆரும் கட்டாயக் கல்விக்குள்ள வருது, அதனால நல்ல கிரேடு ஆர் டீச்சருக்கு மதிப்பு கூடத்தான் போவுது.

இப்போதைக்கு ரெண்டே வேலை. வர்ற லீவுல உங்க ஏரியாவுல இருக்கற ஏதாச்சும் ஒரு கிரேடு ஆர் வகுப்புல சம்பளமில்லாத உதவியாளா அவளை ஒரு வாரம் நிக்க விடுங்க, மூக்கு சிந்தி விட்டு, டாய்லெட்டுக்குக் கூட்டிட்டுப் போயி, ஒரே கதையை அஞ்சு தடவை சொல்லிட்டு வந்த பிறகும் இதே பேச்சுப் பேசுறாளான்னு பாருங்க. பேசினா அடுத்த வருஷம் யுனிவர்சிட்டி சேர்க்கைக்கான சிஏஓ ஃபார்ம்ல பி.எஸ்சி ஒண்ணு, பி.எட் ஒண்ணு, மச்சான் மனசுக்கு பார்மசியும் கடைசியில ஒண்ணுன்னு போட்டுடலாம், செப்டம்பர் வரைக்கும் இழுத்தடிக்காம ஜூன் மார்க் வந்ததுமே எனக்கு அனுப்புங்க, நானே உக்காந்து பாத்துத் தர்றேன்.